கடல்குதிரையையும் பென்குயினையும் ஒப்பிடுவது எப்படி?

கடல்குதிரைகளில் மிகப் பெரிய இனங்களுள் ஒன்று பெருவயிற்றுக் கடல்குதிரை. அது 35 சென்டிமீட்டர் வரை வளரும். பென்குயின்களில் மிகச் சிறியது சிறு பென்குயின். நின்றால் ஏறத்தாழ 33 சென்டிமீட்டர் உயரம். இரண்டும் ஆஸ்திரேலியாவின் தென்கிழக்குக் கரையோரத்திலும் நியூசிலாந்திலும் வாழ்பவை. கடல் ஒன்று, அளவும் கிட்டத்தட்ட ஒன்று. மற்றபடி மூச்சு, உணவு, நீச்சல், குஞ்சு வளர்ப்பு என எதை எடுத்தாலும் இரண்டும் இரு துருவம். ஏன் இப்படி என்று புரிந்துகொள்ள, இரண்டின் பண்புகளையும் பக்கம் பக்கமாகப் பட்டியல் போட்டால் போதாது. ஒப்பிடுவதற்கு ஒரு முறை உண்டு.

முதலில், பெயரோடு பெயரை ஒப்பிடக் கூடாது. இனத்தோடு இனத்தை ஒப்பிட வேண்டும். 'கடல்குதிரை' என்பது 40-க்கும் மேற்பட்ட இனங்களின் பொதுப்பெயர். அவற்றில் 2 சென்டிமீட்டரைத் தாண்டாத குட்டி இனங்களும் உண்டு. பென்குயின்களை 18 இனங்களாகப் பிரிப்பதே பரவலான வழக்கம். சிறு பென்குயின் ஒரு கிலோவைச் சற்றே தாண்டும். பேரரசப் பென்குயின் 40 கிலோவையும் தொடும். 'பென்குயின் இவ்வளவு, கடல்குதிரை இவ்வளவு' என்று ஒற்றை எண் சொல்பவர் எந்த இனத்தைச் சொல்கிறார் என்று கேட்டுவிட வேண்டும். அளக்கும் விதமும் முக்கியம். கடல்குதிரையின் உயரத்தைத் தலைக் கொண்டையின் உச்சியிலிருந்து, சுருளை நீட்டிய வால்நுனி வரை அளப்பார்கள். வால் சுருண்டிருக்கும்போது அளந்தால் கணக்கு தப்பும்.

அடுத்ததாக, இரண்டு விலங்குகளிடமும் ஒரே கேள்வியைக் கேட்க வேண்டும். 'கடல்குதிரைக்குச் செவுள் உண்டு, பென்குயினுக்கு இறகு உண்டு' என்பது ஒப்பீடு ஆகாது. அவை இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். 'உயிர்க்காற்று எங்கிருந்து வருகிறது?', 'உடம்பில் சேரும் உப்பை எப்படி வெளியேற்றுகிறது?' என்று கேட்டால்தான் இரண்டு விடைகளும் எதிரெதிரே வந்து நிற்கும்.

இன்னொரு தப்பெண்ணத்தையும் இங்கேயே களைந்துவிடலாம். பென்குயின் என்றதும் பனிக்கட்டியும், கடல்குதிரை என்றதும் பவளப்பாறையும் நினைவுக்கு வந்து, இரண்டும் சந்திக்கவே முடியாது என்று தோன்றும். உண்மையில் அண்டார்க்டிகப் பெருநிலத்தில் குஞ்சு பொரிப்பவை சில பென்குயின் இனங்கள் மட்டுமே. கலாபகோஸ் பென்குயின் நிலநடுக்கோட்டிலேயே வாழ்கிறது. அதே தீவுகளைச் சுற்றிப் பசிபிக் கடல்குதிரையும் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் தென்கரையில் ஆப்பிரிக்கப் பென்குயின் உண்டு. அதே கரையின் கழிமுகங்களில் நைஸ்னா கடல்குதிரை உண்டு; உலகில் வேறெங்கும் அது இல்லை.

கடலை விடாதது ஒன்று, திரும்பி வந்தது ஒன்று

கடல்குதிரை ஒரு மீன். குதிரை முகமும் குரங்கு வாலும் பார்த்துப் பலர் இதை நம்பத் தயங்குவார்கள். ஆனால் செவுள், துடுப்பு, நீச்சல்பை மூன்றும் அதற்கு உண்டு. ஊசிபோல் நீண்ட குழல்மீன்களும் கடல்நாகமீன்களும் அதன் நெருங்கிய உறவு. அதன் மூதாதையர் ஒருபோதும் நீரை விட்டு வெளியேறியதில்லை.

பென்குயின் ஒரு பறவை. அதன் மூதாதையர் பறந்து திரிந்தவை. பிறகு பறப்பதை விட்டுவிட்டுக் கடலுக்கு இறங்கின. நியூசிலாந்தில் கிடைத்த வைமானு என்ற புதைபடிவத்துக்கு வயது ஏறத்தாழ 6 கோடி ஆண்டுகள். அதுவும் பறக்காத, நீந்தும் பறவைதான். கடல்குதிரையின் பழைய புதைபடிவங்கள் ஸ்லோவேனியாவில் கிடைத்தன. அவற்றின் வயது ஏறத்தாழ 1.3 கோடி ஆண்டுகள். மீன் குலம் பறவைக் குலத்தைவிட மிகப் பழையது என்றாலும், இன்று நாம் காணும் கடல்குதிரை வடிவத்துக்குக் கிடைத்துள்ள சான்று பென்குயினைவிட இளையது. முதன்முதலாகப் படிப்பவர்களை இது வியக்க வைக்கும்.

இரண்டும் முதுகெலும்பிகள். அவற்றின் வழிகள் 40 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டன. ஆனாலும் பொது மூதாதையிடமிருந்து பெற்ற உடல் வரைபடம் இரண்டிலும் மிச்சமிருக்கிறது. கடல்குதிரையின் கன்னத்தருகே காது மடல்போல் படபடக்கும் சிறு மார்புத் துடுப்பும், பென்குயினின் இறக்கையும் தோற்றத்தில் ஒரே முன்புற இணை உறுப்புகள். பள்ளிப் பாடத்தில் இவற்றை 'அமைப்பொத்த உறுப்புகள்' என்பார்கள். செய்யும் வேலை வேறு, பிறப்பிடம் ஒன்று.

பின்புற இணையைப் பாருங்கள். பென்குயினுக்கு அது கால். கடல்குதிரைக்கோ இடுப்புத் துடுப்பே இல்லை. புலிவால் கடல்குதிரையின் மரபணுத் தொகுதியை 2016-இல் வெளியிட்ட ஆய்வாளர்கள், மற்ற முதுகெலும்பிகளில் பின்னங்காலையும் இடுப்புத் துடுப்பையும் உருவாக்க உதவும் ஒரு மரபணு இதில் தொலைந்துபோயிருப்பதைக் கண்டார்கள்.

மூச்சு

கடல்குதிரையின் செவுள்கள் சீப்புப் பற்கள்போல் வரிசையாக இல்லாமல், சிறு பூங்கொத்துபோல் திரண்டிருக்கும். நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு அது வாழ்நாள் முழுவதும் நீருக்குள்ளேயே இருக்கும். பென்குயினுக்கு நுரையீரல். ஒவ்வொரு மூச்சுக்கும் மேலே வந்தாக வேண்டும். ஆகவே மேலே இழுத்த காற்றைச் சிக்கனமாகச் செலவழிப்பதில் அது தேர்ந்துவிட்டது. தசையில் மயோகுளோபின் என்ற புரதம் நிறைந்திருப்பதால் ஆக்சிஜனை அங்கேயே சேமித்துக்கொள்கிறது. மூழ்கும்போது இதயத் துடிப்பைக் குறைக்கிறது. பேரரசப் பென்குயின் ஒன்று 564 மீட்டர் ஆழம் சென்றது பதிவாகியுள்ளது. அதே இனத்தில் வேறொன்று 32 நிமிடங்களுக்கு மேல் மூழ்கியிருந்ததும் பதிவில் உண்டு.

இந்த ஒரு வேறுபாட்டின் விளைவை மீன்பிடி வலையில் பார்க்கலாம். நீருக்கடியில் வலையில் சிக்கிய பென்குயின் மேலே வர முடியாமல் மூழ்கிச் சாகும். அதே வலையில் சிக்கிய கடல்குதிரை, வலையை நீருக்கு மேலே தூக்கிய பிறகு மூச்சுத் திணறிச் சாகும்.

மிதப்பதும் நகர்வதும்

பெரும்பாலான பறவைகளின் எலும்புக்குள் காற்றறைகள் இருக்கும். பறக்க எடை குறைய வேண்டும் அல்லவா? பென்குயினுக்கு அது இடைஞ்சல். மூழ்க முயலும் உடம்பைக் காற்று மேலே தள்ளும். எனவே அதன் எலும்புகள் கெட்டியானவை. இறக்கை எலும்புகள் தட்டையாகி, மூட்டுகள் இறுகி, முழு இறக்கையும் ஒற்றைத் துடுப்பாக மாறியிருக்கிறது. காற்றில் பறக்கும் பறவைக்குப் பெரும்பாலும் இறக்கையைக் கீழே அடிக்கும்போதுதான் உந்துவிசை கிடைக்கும். பென்குயினுக்கு மேலே தூக்கும்போதும் கிடைக்கும். பென்குயின் நீரில் நீந்துகிறது என்பதைவிட நீருக்குள் பறக்கிறது என்பதே பொருத்தம். காலை அது நீந்தப் பயன்படுத்துவதில்லை; காலும் வாலும் திசை திருப்ப மட்டும்.

கடல்குதிரை மிதக்க நீச்சல்பை இருக்கிறது. அதில் வாயுவைக் கூட்டியும் குறைத்தும் எந்த ஆழத்திலும் அசையாமல் நிற்கும். வால்துடுப்பு இல்லை. முன்னே தள்ளும் வேலை முழுவதும் முதுகிலுள்ள ஒரு சிறு துடுப்பின் பொறுப்பு. அது நொடிக்கு 35 தடவை வரை அடிக்கும். மார்புத் துடுப்புகள் திசை பிடிக்கும். உடம்பு நிமிர்ந்து, செதிலுக்குப் பதில் எலும்புத் தகடுகளால் ஆன வளையங்கள் போர்த்தியிருப்பதால் வேகம் என்பதே கிடையாது. குள்ளக் கடல்குதிரை மணிக்கு ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நகரும். ஜென்டூ பென்குயினின் உச்ச வேகமாக மணிக்கு 36 கிலோமீட்டரைச் சொல்வார்கள்.

வகுத்துப் பார்த்தால் 24,000 மடங்கு. கேட்க நன்றாக இருந்தாலும் இது மோசமான ஒப்பீடு. ஒரு கூட்டத்தில் மிக வேகமானதையும் இன்னொரு கூட்டத்தில் மிக மெதுவானதையும் பொறுக்கி எடுத்து வகுத்த எண் இது. ஓட வேண்டிய தேவை இரண்டுக்கும் ஒன்றா என்ற கேள்வியையும் இது விழுங்கிவிடுகிறது. கடல்குதிரை இரையைத் துரத்துவதில்லை. கடற்புல்லில் வாலைச் சுற்றிக்கொண்டு காத்திருக்கும். அந்த வாலே அதன் நங்கூரம். பெரும்பாலான மற்ற விலங்குகளின் வால் குறுக்குவெட்டில் வட்டமாக இருக்க, இதன் வால் சதுரம். சதுரத் தகடுகள் ஒன்றன்மீது ஒன்று சறுக்கிக் கொடுப்பதால், வால் நசுங்கினாலும் முதுகெலும்பு எளிதில் உடைவதில்லை. தண்டைப் பற்றும் பரப்பும் கூடுகிறது. நீரோட்டம் வலுத்து, பற்ற ஏதும் கிடைக்காவிட்டால் மட்டுமே அதன் மெதுவான நீச்சல் ஆபத்தாக முடியும். புயலில் அடித்துச் செல்லப்பட்டுக் களைத்துச் சாகும் கடல்குதிரைகள் உண்டு.

கடல்குதிரையின் வேகம் அதன் தலையில் இருக்கிறது. இரை மூக்குக் குழலின் நுனிக்கு எட்டியதும் தலையை வெடுக்கென மேலே சொடுக்கி உறிஞ்சும். குள்ளக் கடல்குதிரை இதை ஒரு மில்லி விநாடிக்குள் முடித்துவிடும். தசை வில்போல் இழுத்துத் தசைநாணில் சேர்த்து வைத்த விசை ஒரே கணத்தில் விடுபடுவதால்தான் இவ்வளவு வேகம்.

வாய், வயிறு, உப்பு

இரண்டுக்கும் பல் கிடையாது. இரண்டிலும் பல் எனாமலோடு தொடர்புடைய மரபணுக்கள் சிதைந்தோ தொலைந்தோ போயிருக்கின்றன. பறவைகளின் வழியில் அது தனியாக நடந்தது, கடல்குதிரையின் வழியில் தனியாக நடந்தது. பொது மூதாதைக்குப் பல் இருந்தது. இரண்டு வாரிசுகளும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு காரணத்தால் அதைக் கைவிட்டன. வேறுபட்ட வழிகளில் வந்து ஒரே இடத்தில் சேரும் இதைக் 'குவி பரிணாமம்' என்பார்கள். ஒற்றுமை தென்பட்டால் உடனே உறவு என்று முடிவு கட்டக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

பல் இல்லாமல் எப்படிச் சாப்பிடுவது? பென்குயினின் நாக்கிலும் அண்ணத்திலும் தொண்டையை நோக்கிச் சாய்ந்த முட்கள் இருக்கும். வழுக்கும் மீன் முன்னே நழுவாது, உள்ளேதான் போகும். கடல்குதிரை குழாயால் உறிஞ்சும். அரிசியைவிடச் சிறிய கோபிபாட் என்ற ஓட்டுடலிகள் நீரின் மிகச் சிறு அசைவையும் உணர்ந்து துள்ளி ஓடக்கூடியவை. கடல்குதிரையின் தலை வடிவம் மூக்கு நுனியைச் சுற்றிய நீரைக் கலக்காமல் நெருங்க உதவுகிறது. ஆய்வகத்தில் குள்ளக் கடல்குதிரை அசையாத நீரில் 10-க்கு 9 தடவை இரையைப் பிடித்தது. உலகின் மிக மெதுவான மீனை இரை கவனிப்பதே இல்லை!

வயிற்று விஷயத்தில் இடைவெளி இன்னும் பெரிது. கடல்குதிரைக்கு இரைப்பையே கிடையாது. உண்டது குடல் வழியே வேகமாக ஓடிவிடும். அதனால் பகல் முழுக்க உண்டுகொண்டே இருக்க வேண்டும். பென்குயினின் இரைப்பை பெரிய பை. அதில் மீனைச் சேர்த்துக் குஞ்சுக்குக் கொண்டு வந்து கக்கி ஊட்டும்.

காட்சியகங்களில் இவற்றை வளர்ப்பவர்கள் இந்த வேறுபாட்டை நாள்தோறும் எதிர்கொள்கிறார்கள். கடல்குதிரைக்கு மைசிட் போன்ற சிறு இரையை நாளுக்கு இரண்டு மூன்று தடவையாவது கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். ஒரே தடவை அள்ளிப் போட்டால் மிச்சம் அழுகி நீர் கெடும், கடல்குதிரையும் பட்டினி கிடக்கும். அதே தொட்டியில் சுறுசுறுப்பான மீன்களை விட்டால் அவை முழு உணவையும் தின்றுவிடும். தொட்டி உயரமாகவும் இருக்க வேண்டும். வளர்ந்த கடல்குதிரையின் உயரத்தைப்போல் மூன்று மடங்காவது தேவை. ஏனெனில் இணை சேரும்போது இரண்டும் செங்குத்தாக மேலே எழும்பும். பென்குயினுக்கு வேறு சிக்கல். உறைய வைத்து உருக்கிய மீனில் தயமின் என்ற வைட்டமின் குறைந்துவிடும். ஈடுசெய்ய ஒரு கிலோ மீனுக்கு ஏறத்தாழ 25 முதல் 30 மில்லிகிராம் தயமின் சேர்ப்பார்கள்; மறந்தால் நரம்புகள் பாதிக்கப்படும். நீந்த விருப்பமின்றிக் கடினத் தரையில் நின்றுகொண்டே இருக்கும் பென்குயினுக்கு உள்ளங்காலில் புண் வரும். ஈரக் காற்றில் பூஞ்சை வளர்ந்தால் நுரையீரல் நோய் வரும். மீனை வளர்ப்பவருக்கு நீர்தான் கவலை. பென்குயினை வளர்ப்பவருக்கு நீரோடு தரையும் காற்றும் சேர்ந்த கவலை.

உப்பில் இரண்டும் எதிர்கொள்வது ஒரே தொல்லை. இரண்டின் இரத்தமும் கடல்நீரைவிட உப்புக் குறைந்தது. கடல்மீனாகிய கடல்குதிரையின் உடல்நீர் வெளியே கசிந்துகொண்டே இருக்கும். அதனால் கடல்நீரைக் குடித்து, மிகுந்த உப்பைச் செவுளிலுள்ள தனிச் செல்கள் வழியே வெளியேற்றுகிறது. பென்குயினுக்குக் கண்ணுக்கு மேலே உப்புச் சுரப்பி. அது இரத்தத்திலிருந்து உப்பைப் பிரித்து, அடர்த்தியான கரைசலாக மூக்குத் துளை வழியே அலகில் சொட்ட விடும். பென்குயின் தலையை உதறுவதைப் பார்த்தால் பெரும்பாலும் இந்தச் சொட்டைத்தான் உதறுகிறது.

சூடு

கடல்குதிரை குளிர் இரத்த விலங்கு. நீர் எவ்வளவோ உடம்பும் அவ்வளவே. சூட்டைக் காக்கச் செலவு எதுவும் இல்லை. ஆனால் நீர் மாறினால் தப்பிக்க வழியும் இல்லை. பென்குயினின் உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸ் சுற்றி இருக்க வேண்டும். குட்டையான, ஓடுபோல் ஒன்றன்மேல் ஒன்று படிந்த இறகுகள், அடியில் பஞ்சுபோன்ற தூவி, அதனுள் சிறைப்பட்ட காற்று, அதற்கும் கீழே கொழுப்பு. காலிலும் இறக்கையிலும் உள்ளே போகும் சூடான இரத்தக் குழாய்கள், திரும்பி வரும் குளிர்ந்த குழாய்களை ஒட்டியே ஓடுகின்றன. போகும் இரத்தம் வரும் இரத்தத்தைச் சூடாக்கிவிடுவதால் பாதத்தில் சூடு வீணாவதில்லை.

இந்தக் கவசத்துக்கு ஆண்டுதோறும் ஒரு விலை உண்டு. மற்ற பறவைகள்போல் ஒவ்வோர் இறகாக உதிர்க்காமல் பென்குயின் மொத்த இறகையும் ஒரே சமயத்தில் மாற்றுகிறது. இரண்டு முதல் நான்கைந்து வாரங்கள் ஆகும். அந்தக் காலத்தில் இறகுக்கு அடியில் தோல்வரை நீர் புகும் என்பதால் கடலில் இறங்க முடியாது, இறங்காவிட்டால் உணவில்லை. அதனால் முன்கூட்டியே கொழுத்துக்கொள்ளும். கொழுக்கப் போதிய மீன் கிடைக்காத ஆண்டில் இறகு மாற்றத்தின்போதே பட்டினியால் சாகும்.

தந்தையர்

இரண்டையும் சேர்த்துப் பேசும் எவரும் கடைசியில் வந்து நிற்பது இங்கேதான்: 'இரண்டிலும் அப்பாதான் பிள்ளையைச் சுமக்கிறார்.' பாதி உண்மை. பிரித்துப் பார்க்க வேண்டும்.

கடல்குதிரையில் பெண் முட்டைகளை ஆணின் வயிற்றுப் பைக்குள் செலுத்தும். அங்கே ஆண் அவற்றைக் கருவுறச் செய்யும். முட்டையை உண்டாக்குவது பெண்தான், விந்தை உண்டாக்குவது ஆண்தான். 'ஆண் கடல்குதிரை முட்டையிடுகிறது' என்பது தவறு. பை மூடியபின் உட்சுவர்த் திசு தடித்து, ஒவ்வொரு கருவையும் சூழ்ந்துகொள்கிறது. ஆக்சிஜன் தருகிறது, கழிவை எடுக்கிறது. பைக்குள் இருக்கும் திரவம் முதலில் இரத்தத்தின் உப்பளவை ஒத்திருக்கும். நாள் செல்லச் செல்லக் கடல்நீரை நோக்கி மாற்றப்படும். பிறந்த கணத்தில் குஞ்சு அதிர்ச்சி அடையாமலிருக்க அப்பாவின் ஏற்பாடு அது. இனத்தையும் நீரின் சூட்டையும் பொறுத்து இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். பிறகு உடம்பை முன்னும் பின்னும் வளைத்து, பையை இறுக்கி இறுக்கிக் குஞ்சுகளை வெளியேற்றும். நூறிலிருந்து ஆயிரத்துக்கு மேலும் குஞ்சுகள் வரலாம்.

அதோடு அப்பாவின் பொறுப்பு முடிந்தது. ஊட்டுவதில்லை, காப்பதில்லை. சென்டிமீட்டர் அளவே இருக்கும் குஞ்சுகள் நீரோட்டத்தில் கலந்துவிடும். 200-இல் ஒன்றுகூட வளர்ந்த பருவத்தை எட்டுவது அரிது.

பேரரசப் பென்குயினில் கருவுறுதல் பெண்ணின் உடலுக்குள் நடக்கிறது. ஒரே ஒரு முட்டை. அதைப் பெண் ஆணிடம் ஒப்படைத்துவிட்டுக் கடலுக்குப் போய்விடும். ஒப்படைக்கும் கணம் ஆபத்தானது. முட்டை பனியில் உருண்டு சற்றுத் தாமதித்தாலும் உறைந்துவிடும். ஆண் அதைப் பாதத்தின்மீது ஏற்றி, வயிற்று மடிப்பால் மூடி, அண்டார்க்டிகக் குளிர்காலத்தில் ஏறத்தாழ 65 நாள் நிற்கும். கூடு இல்லை. இடம் பிடிக்க வந்த நாளிலிருந்து கணக்கிட்டால் ஏறத்தாழ 115 நாள் பட்டினி. உடல் எடையில் 40 விழுக்காடு வரை கரையும். தாய் திரும்புமுன் குஞ்சு பொரித்துவிட்டால், அத்தனை நாள் உண்ணாத அந்த ஆண் தன் உணவுக்குழாயில் சுரக்கும் பால்போன்ற திரவத்தைக் குஞ்சுக்கு ஊட்டும்.

ஆகவே கடல்குதிரையில் நடப்பது கர்ப்பம். பென்குயினில் நடப்பது அடைகாத்தல். அதுவும் எல்லாப் பென்குயின்களிலும் இப்படியில்லை. பெரும்பாலான இனங்கள் இரண்டு முட்டையிட்டு, ஆணும் பெண்ணும் முறை வைத்து அடைகாக்கும்.

இருவருக்கும் கட்டித் தந்த வீடுகள்

கடல்குதிரைகளுக்குப் பெரும் ஆபத்து, அடித்தரையைச் சுரண்டி இழுக்கும் இழுவை மடி வலை. அது கடல்குதிரையையும் அள்ளும், அது பற்றியிருந்த கடற்புல்லையும் பிடுங்கும். தற்செயலாக வலையில் சிக்குபவை ஆண்டுக்கு 3.7 கோடிக்குக் குறையாது என்று 2017-இல் ஒரு மதிப்பீடு வந்தது. அவற்றின் பன்னாட்டு வணிகத்தைச் சைட்டீஸ் ஒப்பந்தம் 2004 முதல் கட்டுப்படுத்துகிறது. ஆப்பிரிக்கப் பென்குயினுக்கு ஆபத்து இரையில்: மத்தியும் நெத்திலியும் குறைந்துபோனதால் அது 2024-இல் 'மிக அருகிய இனம்' என்ற நிலைக்குத் தள்ளப்பட்டது. எண்ணெய்க் கசிவும் சேர்ந்துகொள்ளும். எண்ணெய் பட்ட இறகுகள் ஒட்டிக்கொண்டு காற்றைப் பிடிக்காது. பறவை குளிரில் விறைக்கும். 2000-இல் கேப் டவுன் அருகே மூழ்கிய கப்பலின் எண்ணெயில் நனைந்த ஏறத்தாழ 19,000 பென்குயின்களைப் பிடித்துக் கழுவினார்கள்.

சிட்னிப் பகுதியில் வொயிட் கடல்குதிரை என்ற இனத்துக்காக மீன்கூண்டு வடிவிலான உலோகச் சட்டங்களைக் கடலடியில் வைக்கிறார்கள். கடற்பாசியும் பஞ்சுயிரிகளும் அதில் படர்ந்து, கடல்குதிரை வாலைச் சுற்ற இடமும் உண்ண இரையும் தரும். சில ஆண்டுகளில் உலோகம் துருப்பிடித்துக் கரைந்துவிடும். படர்ந்த உயிர்கள் மட்டும் நிற்கும். ஆப்பிரிக்கப் பென்குயின் முன்பு தீவுகளில் கெட்டியாகப் படிந்த பறவை எச்சத்தைத் தோண்டிக் கூடு அமைத்தது. அந்த எச்சத்தை உரத்துக்காக மனிதர் வெட்டி எடுத்துவிட்டதால், இன்று கூட்டுப் பெட்டிகள் செய்து வைக்கிறார்கள். தொடக்கத்தில் வைத்த கண்ணாடியிழைப் பெட்டிகள் சில வெயிலில் உள்ளே கொதித்து, அடைகாக்கும் பறவை முட்டையை விட்டுவிட்டு வெளியேற நேர்ந்தது. பிறகு வந்த பெட்டிகளில் சுவரை இரட்டை அடுக்காக்கி, காற்றோட்டத்துக்குத் துளையும் விட்டார்கள்.